பழைய மர அலமாரிக்குள் புது டிவி: நிறுத்துவதா, மாட்டுவதா?

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் டிவி அலமாரிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. 1994-ல் அப்பா ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துப் பின்கட்டில் வைத்துச் செய்த சாமான். சட்டமும் கதவும் அயனி மரம், முதுகுப் பலகை மட்டும் பிளைவுட். நாகர்கோவில் பக்கம் அயனிக்கு என்ன மரியாதை என்று இங்கே வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். தேக்கு வாங்க முடியாமல் அயனி எடுத்ததாக யாராவது சொன்னால் அப்பாவுக்கு இன்றும் கோபம் வரும்.

நடுவில் 102 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம், 56 செ.மீ. ஆழத்தில் ஒரு பொந்து. அன்றைக்கு அதில் 21 அங்குலப் படக்குழாய் டிவி இருந்தது, பக்கத்தில் ஸ்டெபிலைசர். முன்னால் இரட்டைக் கதவு. அந்தியில் விளக்கேற்றும் நேரம் அம்மா டிவியை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். டிவியை மூடிவைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் கருப்பு வெள்ளை டிவிகளே இழுத்துப் பூட்டும் மரக் கதவோடு வந்தன.

போன வருஷம் 43 அங்குல டிவி வாங்கினோம். டிவி அலமாரிக்குள்தான் இருக்க வேண்டும், கதவு மூட வேண்டும் என்பது அம்மா போட்ட நிபந்தனை. அலமாரியை எங்கேயும் அறுக்கக் கூடாது என்பது அப்பா போட்டது. இரண்டுக்கும் நடுவில் நான் மூன்று மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எந்த ப்ராக்கெட் வாங்கலாம் என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, டிவியின் பாரத்தை யார் சுமக்கப் போகிறார்கள் என்பது: தட்டா, முதுகுப் பலகையா, வீட்டுச் சுவரா?

முதலில் டேப் எடுங்கள்

43 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. இப்போது வரும் டிவிகள் பெரும்பாலும் பதினாறுக்கு ஒன்பது விகிதம். அதனால் அங்குலத்தை 2.2-ஆல் பெருக்கினால் திரையின் அகலம் செ.மீ. கணக்கில் கிடைத்துவிடும், 1.25-ஆல் பெருக்கினால் உயரம். 32 அங்குலம் என்றால் ஏறக்குறைய 71க்கு 40. 43 என்றால் 95க்கு 54. 55 என்றால் 122க்கு 69. விளிம்புக்காக இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் டிவி விளிம்போடு 97 செ.மீ. அதாவது, பக்கத்துக்கு இரண்டரை செ.மீ. மிச்சம். டிவியோடு வரும் கையேடுகளோ சுற்றிலும் பத்து செ.மீ. காற்றோட்டம் விடச் சொல்கின்றன. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, பொந்துக்கு ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள் என்பதுதான். நான் அப்படிச் செய்யவில்லை. ஐபிஎல் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது கடைக்குப் போனால் யாரால் குறைத்து வாங்க முடியும்?

இன்னொரு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து கண் வரை ஒரு மீட்டர், சிலருக்கு 110 செ.மீ. வரும். திரையின் நடு அதற்கு ஒட்டி இருந்தால் கழுத்து வலிக்காது. எங்கள் பொந்தின் தட்டு தரையிலிருந்து 76 செ.மீ. உயரத்தில் இருப்பதால் இந்த விஷயத்தில் தப்பித்தோம். மேல்தட்டில் டிவி வைக்கும் அலமாரி என்றால் எந்த ப்ராக்கெட் வாங்கினாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

முதுகுப் பலகையில் மாட்டிய கதை

டிவி மாட்ட வந்த பையன் பொந்துக்குள் கையை விட்டுப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தான். “தாங்கும் சார், சின்ன டிவிதானே” என்று நாலு ஸ்க்ரூ போட்டு, பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டுப் போனான். ஒன்பதாவது நாள் அம்மா தூசி தட்டும்போது கவனித்திருக்கிறாள். ப்ராக்கெட் தகட்டின் மேல்விளிம்பு பலகையை விட்டு விலகி, ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. டிவி முன்னால் லேசாகக் குனிந்து நின்றது. கழற்றிப் பார்த்தால், மேலே இருந்த இரண்டு ஸ்க்ரூவும் கையாலேயே உருவி வந்தன.

பலகையின் கனம் 6 மி.மீ. அதில் ஸ்க்ரூவின் இரண்டு மூன்று மரைதான் கடிக்கும். அந்தப் பலகையும் பின்னால் சின்ன ஆணி அடித்து நிறுத்தியதுதான், பாரம் சுமக்கச் செய்ததில்லை. கடைகளில் விற்கும் ரெடிமேட் டிவி அலமாரிகளில் பலவற்றின் முதுகு இதைவிட மெல்லியது.

சரி, 18 மி.மீ. பிளைவுட் முதுகாக இருந்தால்? தாராளமாக மாட்டலாம். ஆனால் கனத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வயர் போகும் ஓட்டையின் வெட்டுவாயை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை ஒட்டிக் கட்டியாக்கியதுபோல் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு. அதில் ஸ்க்ரூ ஒரு தடவை பிடிக்கும், கழற்றி அதே ஓட்டையில் மறுபடி போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட பலகையில் மாட்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்க்ரூவை மறந்துவிட்டு, ஊடுருவிப் போகும் போல்ட் போட்டுப் பின்பக்கம் பெரிய வாஷர் வைத்து நட் பூட்ட வேண்டும்.

ஆழமான பழைய அலமாரியில் முதுகில் மாட்டுவதில் இன்னொரு தொல்லை உண்டு. அது ஸ்க்ரூ எல்லாம் நன்றாகப் பிடித்த பிறகுதான் தெரியும். 56 செ.மீ. ஆழத்தில் டிவியும் ப்ராக்கெட்டும் பதினொன்று எடுத்துக்கொண்டால், திரைக்கு முன்னால் 45 செ.மீ.க்கு ஒரு சுரங்கம் மிச்சமாகிறது. நேரே உட்கார்ந்தவருக்குச் சிரமமில்லை. பக்கவாட்டில் 45 டிகிரி தள்ளி இருக்கும் நாற்காலியிலிருந்து பார்த்தால் பக்கப் பலகை திரையில் 42 செ.மீ. அளவுக்கு மறைக்கும். கிட்டத்தட்டப் பாதித் திரை. அந்த ஒன்பது நாளும் அப்பா தன் நாற்காலியை விட்டுவிட்டு சோபாவின் நடுவில் வந்து உட்கார்ந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

தட்டில் நிறுத்துவது

ஸ்க்ரூ உருவிய அன்றே டிவியோடு வந்த இரண்டு காலையும் பூட்டித் தட்டில் நிறுத்தினேன். இரண்டு மாதம் அப்படியே இருந்தது. ப்ராக்கெட் போட்டால்தான் டிவி மாட்டிய மாதிரி என்று நினைப்பவர்கள் இந்த வழியை மதிப்பதில்லை. எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை. பழைய படக்குழாய் டிவி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், அதைச் சுமந்த தட்டு இது. புது டிவி எட்டு கிலோதான். துளை இல்லை, செலவு இல்லை, நாளைக்கு டிவி மாறினால் ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைக்கலாம். முன்விளிம்பை ஒட்டி வைத்தால் சுரங்கமும் இல்லை.

இப்போதைய டிவிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் தட்டும் ஏறக்குறைய டிவி அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். தட்டு குறுகல் என்றால் நடுக்கால் ஸ்டாண்ட் தனியாகக் கிடைக்கிறது. டிவியின் முதுகில் ப்ராக்கெட்டுக்கென்று இருக்கும் அதே நாலு துளையில் பூட்டலாம், உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கடைக்காரர்களும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் இது சரிப்படாமல் போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அம்மா தட்டைத் துடைக்கும்போதெல்லாம் டிவியை நகர்த்துவாள், வயர் இழுபடும். இன்னொன்று தங்கை மகன். இரண்டு வயது. கதவு திறந்திருந்தால் திரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். காலில் நிற்கும் டிவியை முன்பக்கம் கவிழ்க்கப் பெரிய பலம் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், டிவியின் மேல் துளைகளில் ஒரு நாடாவைப் பூட்டி அலமாரிச் சட்டத்தோடு கட்டாமல் விடாதீர்கள். அலமாரி லேசானது என்றால் அதையும் சுவரோடு பிடித்து வைக்க வேண்டும்.

சுவரில் மாட்டுவதும், ஆடும் கையும்

அலமாரியின் முதுகை டிவி அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டு, ப்ராக்கெட்டைப் பின்னால் இருக்கும் சுவரில் அடிப்பதும் ஒரு வழி. பாரம் முழுக்கச் சுவருக்குப் போய்விடும், அலமாரி வெறும் சட்டமாக நிற்கும். பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிக்கு இதுதான் நல்ல வழி. செங்கல் சுவரில் பிளக் வைத்து ஸ்க்ரூ முறுக்கினால் 55 அங்குல டிவியையும் கவலையில்லாமல் தாங்கும். ஆனால் ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர்களுக்கு அந்தந்தச் சுவருக்கென்று விற்கும் ஆங்கர்தான் போட வேண்டும், சாதாரண பிளக் சுழன்றுகொண்டே இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு டிரில்லைக் கையில் எடுங்கள். அப்புறம், அலமாரியை நகர்த்திச் சுவருக்கு வெள்ளையடிப்பது என்பது இனி நடக்காது.

எங்கள் வீட்டில் அறுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுத்திருந்தாலும் 56 செ.மீ. ஆழத்தைத் தாண்டித் திரையை முன்னுக்குக் கொண்டுவர, நீட்டி மடக்கித் திருப்பும் கை வைத்த ப்ராக்கெட், அதாவது ஆடும் கை, வேண்டும். கடையில் என்னிடம் முதலில் காட்டியதே அதைத்தான். ஒரே விரலால் டிவியை வெளியே இழுத்து, சமையலறைப் பக்கம் திருப்பிக் காட்டினார் கடைக்காரர். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். டிவி எட்டு கிலோ. ப்ராக்கெட் தகட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடையே 20 செ.மீ. சுவரோடு ஒட்டிய சாதாரண ப்ராக்கெட்டில் டிவியின் எடை ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்தால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை எட்டை ஐந்தால் பெருக்கி இருபதால் வகுத்தது, இரண்டு கிலோ. கையை 40 செ.மீ. நீட்டினால் அதுவே பதினாறு கிலோ. அதே டிவி, அதே நாலு ஸ்க்ரூ. இரண்டு கிலோ இழுவைக்கே எங்கள் பின்பலகை ஒன்பது நாளில் கையை விரித்துவிட்டது. கையின் சொந்த எடையும் இதில் சேரவில்லை, தொங்கப் பார்க்கும் தங்கை மகனும் சேரவில்லை.

ஆடும் கை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாலிலிருந்தும் சாப்பாட்டு மேசையிலிருந்தும் பார்க்கிற வீடுகளுக்கு அதைவிட்டால் வழியில்லை. ஆனால் அதைச் செங்கல் சுவரிலோ, சட்டத்தோடு போல்ட் போட்ட கனமான பலகையிலோதான் மாட்ட வேண்டும். லேசான அலமாரியில் மாட்டி முன்னால் இழுத்தால் அலமாரியும் கூடவே வரும்.

பொத்தானை அழுத்தினால் அலமாரிக்குள்ளிருந்து டிவி மேலே எழும்பி வரும் மோட்டார் லிஃப்டும் இருக்கிறது. விசாரித்தேன். டிவி விலையையே எட்டிப் பிடித்தது, மேல்பலகையை வேறு அறுக்கச் சொன்னார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

கடைசியில் செய்தது

வழியைச் சொன்னவர் ஆசாரி அண்ணன்தான், அலமாரியைச் செய்தவரின் மகன். பொந்தை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “பின்பலகையை ஏன் தொடணும்? முன்னால ஒரு பொய்முதுகு வெச்சிருவோம்” என்றார்.

பக்கப் பலகைகள் இரண்டிலும் உள்பக்கமாகச் செங்குத்தாக ஒவ்வொரு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம். அந்த ரீப்பர்களுக்குக் குறுக்கே 19 மி.மீ. பிளைவுட் பலகை, அகலம் 102, உயரம் 40 செ.மீ. மேலேயும் கீழேயும் 14 செ.மீ. போலத் திறந்தே இருக்கும். பலகையின் முகம் அலமாரி வாசலிலிருந்து 14 செ.மீ. உள்ளே: டிவிக்கு எட்டு, ப்ராக்கெட்டுக்கு மூன்று, கதவு இடிக்காமல் இருக்க மூன்று. பலகைக்குப் பின்னால் 40 செ.மீ. காலி இடம். ஸ்க்ரூ எல்லாம் அயனிச் சட்டத்தில் இறங்கின. முப்பது வருஷம் காய்ந்த மரம் என்பதால் முதலில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முறுக்கினார். அப்படிச் செய்யாவிட்டால் ஒன்று ஸ்க்ரூத் தலை முறியும், அல்லது மரம் வெடிக்கும். பலகை, ப்ராக்கெட், அரைநாள் கூலி எல்லாம் மூவாயிரத்துக்குள் முடிந்தது. நாளைக்கு வேண்டாமென்றால் ரீப்பரைக் கழற்றிவிடலாம், உள்பக்கம் சில ஸ்க்ரூ ஓட்டை மட்டும் மிஞ்சும். அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

ப்ராக்கெட் விஷயத்தில் ஒரு தடவை தப்பு நடக்கப் பார்த்தது. டிவியின் முதுகில் இருக்கும் நாலு துளைகளின் இடைவெளிக்கு வெசா அளவு என்று பெயர், மி.மீ. கணக்கில் 100, 200, 300, 400 என்று வரும். எங்களுடையது 200க்கு 200. ஆனால் அந்த நாலு துளையும் டிவியின் நட்டநடுவில் இல்லை, கீழ்ப்பாதியில் இருந்தன. பலகையின் நடுவில் ப்ராக்கெட்டை அடித்திருந்தால் டிவி மேலே போய் இடித்திருக்கும். துளையிலிருந்து டிவியின் மேல்விளிம்பு வரை அளந்த பிறகே பலகையில் குறி போட்டோம். டிவியைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட மேலே மூன்று நாலு செ.மீ. வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாங்கள் மேலே ஐந்து, கீழே எட்டு விட்டோம். கீழே விட்ட எட்டில் செட்டாப் பாக்ஸ் படுத்துக்கொண்டது. அதைப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் ரிமோட் வேலை செய்திருக்காது.

டிவி முதுகில் போடும் ஸ்க்ரூவின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் குத்தும், குறைந்தால் பிடிக்காது. துளைக்குள் ஒரு ஈர்க்குக் குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். அதோடு ப்ராக்கெட் தகட்டின் கனத்தைக் கூட்டினால் வருவதுதான் ஸ்க்ரூ நீளத்தின் எல்லை.

வயரை எல்லாம் டிவியைக் கொக்கியில் மாட்டும் முன்பே சொருகிவிட வேண்டும். இரண்டரை செ.மீ. சந்துக்குள் எந்தக் கையும் போகாது. பெண்டிரைவ் சொருகும் துளை பக்கவாட்டில் இருந்ததால், ஒரு சின்ன நீட்டு வயரைச் சொருகிக் கீழே தொங்கவிட்டோம். இதை மறந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் டிவியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

சூடு? கையேடு சொல்லும் பத்து செ.மீ. பக்கவாட்டில் கிடையாது, உண்மை. அதற்குப் பதில் பின்னால் முழுக்கக் காலி. கீழே இருக்கும் சந்து வழியாகக் காற்று ஏறி மேலே வெளியேறுகிறது. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பின்னால் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். ஆனாலும் டிவி ஓடும்போது கதவைச் சாத்தக் கூடாது, ஒரு கதவைக்கூட. அம்மாவிடம் சொல்லி, அணைத்தபின் பத்து நிமிஷம் கழித்துச் சாத்தும்படி வைத்திருக்கிறேன். விளக்கில் எண்ணெய் விட்டுத் திரி போடுவதற்குள் அந்தப் பத்து நிமிஷம் ஆகிவிடுகிறது.

கதவு ஒன்றுதான் பாக்கி. பழைய கீல் 90 டிகிரிதான் திறக்கும். திறந்த கதவு நேரே முன்னால் நீட்டிக்கொண்டு, சுரங்கம் செய்த வேலையையே செய்தது. முழுக்கப் பின்னால் மடங்கும் கீலுக்கு மாற்றினோம். கதவைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளிவிடும் ஏற்பாடும் உண்டு, ஆனால் அது இரண்டு பக்கமும் இடத்தைத் தின்னும், எங்களிடம் இருந்ததே இரண்டரை செ.மீ. ஐப்பசி மழையில் மரம் ஊதி இடது கதவு மட்டும் இறுகிவிட்டது. இழைத்துத் தரச் சொன்னேன். “இப்ப இழைச்சா வெயில் காலத்துல சந்து விழும், தை பிறக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் ஆசாரி அண்ணன்.